ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்

பக்கத்தில் வேண்டாம் தம்பி, அந்த எதிர் பெஞ்சில் உட்காருங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். ஆமாம், இப்படி. கடல் வெளிச்சம் உங்க முகத்தில் விழுகிறதல்லவா, அது போதும். எனக்குக் காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கும். முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அம்மணி தொப்பி வாங்கவா போயிருக்கிறது? வாங்கட்டும், வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நாலு நாளாக ஒரே பஸ்ஸில் வருகிறோம். நீங்கள் புருஷனும் பெண்டாட்டியும் எனக்குப் பின் சீட்டு. "இந்தத் தாத்தா நெம்பக் கர்வம் புடிச்சவராட்ட இருக்குது, கூப்புட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாரு" என்று அம்மணி நேற்று உங்களிடம் சொன்னது. டிரைவர் தலைக்கு மேல் இருக்கிற கண்ணாடியில் பார்த்தேன். வருத்தமெல்லாம் இல்லை. கர்வம் என்றால் கர்வம் என்றே இருக்கட்டும்.

இப்போது நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். இந்தத் துறையில் இரண்டு படகு நிற்கிறது. ஒன்று அமைதியான கடற்கரைக்குப் போகிறது. ஒன்று பாட்டும் ஆட்டமுமாக இருக்கிற தீவுக்குப் போகிறது. கைடு ஹரிஹரன் பேர் எழுதும்போது வயசானவர்கள் எல்லாரும் கரைக்குக் கொடுத்தார்கள், நான் ஒருத்தன்தான் தீவுக்குக் கொடுத்தேன். "ஐயா, அங்க ஸ்பீக்கர் பொட்டி காதைக் கிழிச்சுப்போடும், தெரிஞ்சுதான் சொல்றீங்களா" என்று அவன் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஏன் தீவுக்கு என்றுதானே நீங்களும் கேட்கிறீர்கள்?

இந்த இரண்டு இடத்துக்கும் தாய்லாந்துக்காரர்கள் வைத்திருக்கிற பேர் என் வாயில் நுழையாது. எங்கள் பக்கத்தில் சத்தமில்லாமல் இருப்பதைப் பொட்டாட்டம் என்போம். அதனால் ஒன்று பொட்டாட்டக் கரை, இன்னொன்று சத்தத் தீவு. என் கணக்குக்கு அது போதும்.

நான் இங்கே வருவது இரண்டாவது தடவை தம்பி. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே டூரில் வந்தேன். இதே ஹரிஹரன்தான், அப்போது இத்தனை தொப்பையில்லை. கூடவே வந்து தயிர்சாதம் கிளறிப் போடுகிற சமையல்காரர்கூட இதே ஆள். அந்தத் தடவை துளசிமணி இருந்தாள். என் வீட்டுக்காரி.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மில். சிங்காநல்லூர்ப் பக்கம், பேர் வேண்டாம், இப்போது அது இடித்து அபார்ட்மெண்ட் ஆகிவிட்டது. நான் நூல் நூற்கிற மெஷின் ஓட்டினேன். அவள் எனக்கு நாலு மெஷின் தள்ளி, நூலைக் கோனில் சுற்றுகிற பகுதி. மில்லுக்குள் போயிருக்கிறீர்களா? போயிருக்க மாட்டீர்கள். உள்ளே கால் வைத்தால் சத்தம் காதில் விழாது, நெஞ்சில் விழும். பக்கத்தில் நிற்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் புரியாது. அதனால் நாங்கள் யாரும் கத்துவதில்லை. வாயை மட்டும் அசைப்போம், கொஞ்சம் பெரிதாக. கூடக் கொஞ்சம் கை. மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தடவுவோம். மீசையில்லாத மேஸ்திரி வந்தாலும் அதே மீசைதான். ஆறு மாசம் வேலை பார்த்தால் போதும், நூறு அடி தள்ளி நிற்கிறவன் என்ன குழம்பு சாப்பிட்டான் என்று பேசிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று, முகத்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் ஒரு எழுத்துப் பேச முடியாது.

நான் துளசிமணியிடம் கேட்டதே அப்படித்தான். நாலு மெஷினுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்னைக் கட்டிக்கிறயா" என்றேன், சத்தமே இல்லாமல். "ஊட்டுல வந்து கேளுங்க" என்றாள். இருநூறு பேர் நடுவில் ரகசியமாகப் பேசி முடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை. டீ நேரத்தில் வெளியே வந்தால் அத்தனை பேரும், "என்ன ஆறுக்குட்டி, எப்பப் பொண்ணு கேக்கப் போறே" என்கிறார்கள். நான் பேசியதைப் படித்த மாதிரி எல்லாரும்தானே படிப்பார்கள், அது எனக்குத் தோன்றவில்லை. பொம்பளைகள் கெட்டி. அவர்கள் ரகசியம் பேச வேண்டுமென்றால் சேலை முந்தானையை வாய்க்கு மேல் போட்டுக்கொள்வார்கள். வெளியாள் பார்த்தால் வெட்கப்படுகிறாள் என்று நினைப்பான். வெட்கமில்லை தம்பி. பேச்சைப் பூட்டுவது அது.

மில்லை மூடினபோது எனக்கு நாற்பத்தாறு வயசு. அதன் பிறகு நான் ஒரு குடோனில் வாட்ச்மேன், அவள் தையல் கம்பெனியில் காஜா பட்டன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்போம். வீடு அமைதியாக இருக்கும் என்று சொல்வார்கள். எனக்குத் தெரியாது. எனக்குள்ளே மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மில்லை இடித்தார்கள், மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், அந்தச் சத்தத்தை மட்டும் என் காதிலேயே விட்டுவிட்டார்கள்.

அவள் அடுப்படியில் இருந்து ஏதாவது சொல்லுவாள். நான் "சரி சரி, பாத்துக்கலாம்" என்பேன். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே நடத்தலாம் தம்பி. அரிசி தீர்ந்தது, சரி பாத்துக்கலாம். தங்கச்சி வீட்டில் விசேஷம், சரி பாத்துக்கலாம். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான பேச்சென்றால் கிட்டே வந்து, என் தாடையைப் பிடித்து, முகத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுவாள். குழந்தைக்குச் செய்கிற மாதிரி. எனக்கு எரிச்சலாக இருக்கும். "என்ன புள்ளே, எனக்குக் காது கேக்காதா" என்பேன்.  தாடையை மட்டும் விட மாட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள், பிரேமலதா. ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் கல்யாணத்தைப் பற்றி உங்களுக்குச் சொன்னால்தான் மிச்சம் புரியும்.

அவளுக்கு இருபத்தைந்து வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முற்றத்தில் குனிந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ பேசினாள். நிழல் ஆடியதில்தான் பேசுகிறாள் என்றே தெரிந்தது. நிழல் ஆடி முடிந்ததும் நான் திரும்பாமலே, "சரி சரி, பாத்துக்கலாம்" என்றேன். கூட வேலை செய்கிற டீச்சர்களோடு ஊட்டிக்குப் போகக் கேட்கிறாளாக்கும் என்று நினைப்பு. பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள் தம்பி. ஊட்டிக்கு இத்தனை அழுகையா என்று பார்த்தேன். ஒரு மாசம் கழித்து ஒரு குடும்பம் தட்டோடு வீட்டுக்கு வருகிறது. பையன் பேர் ஸ்டீபன். என் தம்பி, அவள் மாமன்மார் எல்லாரும் மேலேயும் கீழேயும் குதித்தார்கள். எனக்கும் உள்ளே குதிக்கத்தான் தோன்றியது. ஆனால் சரி என்று சொன்னவன் நான். எந்த முகத்தோடு குதிப்பது?

கல்யாண மண்டபத்தில் அவள் வந்த ஆளுக்கெல்லாம் சொன்னாள். "எங்கப்பா மில்லுத் தொழிலாளிதானுங்க, எட்டாவதுகூடத் தாண்டல. நான் சொன்னதும் ஒரு நிமிசம் யோசிக்கலீங்க. சரின்னுட்டாரு." சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. துளசிமணி அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். முந்தானையை வாயில் போட்டுக்கொண்டு தோள் குலுங்கினாள். மகள் பிரிந்து போகிற துக்கம் போலிருக்கிறது என்று நான் ஆறுதலாகத் தலையாட்டினேன்.

மாப்பிள்ளை தங்கமான பையன். அது வேறு விஷயம். எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு இந்த டூரே அவர்கள் இரண்டு பேரும் கட்டிக் கொடுத்ததுதான்.

அப்போதும் இதே மாதிரி ஹரிஹரன் பஸ்ஸில் முன்னால் நின்று கேட்டான். கரைக்கு யார், தீவுக்கு யார், கை தூக்குங்க என்றான். துளசிமணி என் தாடையைத் திருப்பினாள். "ஏனுங்க, தீவுக்குப் போலாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. "அங்கே குடிகாரப் பசங்க ஆடுவாங்க புள்ளே. உனக்கு அங்க என்ன?"

"பேசிக்கிட்டு இருக்கலாமுங்க."

"அந்தச் சத்தத்துல என்னத்தைப் பேசறது? பேசோணும்னா பொட்டாட்ட இருக்கற எடத்துக்குப் போகோணும்."

"மில்லுல பேசலியா?"

"அது வேலை செய்யற எடம். இது சுத்திப் பாக்க வந்த எடம்."

இப்போதும் சொல்கிறேன், நான் சொன்னதில் என்ன தப்பு? பேச்சுக்கு அமைதிதான் வேண்டும், ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவளுக்குக் கலர் பல்பு என்றால் ஆசை, பொருட்காட்சிக்குப் போனாலே வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பேச்சு என்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஹரிஹரன் எங்கள் வரிசைக்கு வந்தான். நான் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "ரெண்டு பேரும் கரைக்கு" என்றேன். அவள் மடியில் இருந்த பையைத் திறந்து எதையோ தேடினாள்.

பொட்டாட்டக் கரை நல்ல இடம்தான். நீங்கள் போனால் பார்ப்பீர்கள். மணல் மாவு மாதிரி. ஓலைக் குடை நட்டு, அதன் கீழே மர நாற்காலி போட்டிருக்கிறார்கள். அத்தனை நாற்காலியும் கடலைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறது. ஒன்றை ஒன்று பார்த்து ஒன்றுகூடக் கிடையாது. தூக்கித் திருப்பிப் போடலாம் என்றால் கனம். நாங்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். கூட வந்தவர்கள் எல்லாரும், "அடடா, ஒரு சத்தமில்லை பாருங்க" என்றார்கள். எனக்குக் காதுக்குள் மில்லின் நாற்பத்தெட்டு மெஷினும் ஓடியது. சத்தம் இல்லாத இடத்தில்தான் அது சக்கைப்போடு போடும். அலை வந்து விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குக்கூடச் சத்தமில்லை, மில் சத்தம்தான்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு நேரம். நான் தூரத்தில் போகிற ஒரு படகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைக்கண்ணில் அவள் தாடை அசைகிறது. நேராகக் கடலைப் பார்த்துக்கொண்டு பேசுகிறாள். கொஞ்ச நேரம் பேசினாள். நாலைந்து வாக்கியம் இருக்கும். பிறகு அசைவு நின்றது. என் பக்கம் திரும்பினாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"சரி சரி. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் தம்பி. கோபமில்லை, ஒன்றுமில்லை. என் தோளில் இருந்த மணலைத் தட்டிவிட்டாள். எழுந்து போய்க் காலை நனைத்துக்கொண்டு நின்றாள்.

ஊருக்கு வந்தோம். நாலு மாசம் கழித்துப் பிரேமலதா வந்தபோது அவள் அம்மா கையைத் தூக்க முடியாமல் ஜாக்கெட் போடுவதைப் பார்த்துவிட்டாள். உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். மார்பில் கட்டி. அக்குளுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். அறுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடியெல்லாம் கொட்டிப்போனது. பதினோரு மாசம் இருந்தாள். அந்தப் பதினோரு மாசமும் என்னிடம் ஒரு வார்த்தை அந்தக் கரையைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். பிரேமலதா எனக்கு நேர் எதிரில் வந்து நின்றாள். அவளும் மில்லுக்காரி பெற்ற பிள்ளை, முகத்தைப் பார்த்துத்தான் சண்டை போடுவாள்.

"அம்மா கடைசியில எங்கிட்டச் சொன்னா. கட்டி இருக்குதுன்னு உங்ககிட்ட அந்தக் கடக்கரையிலயே சொன்னாளாமா. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னீங்களாமா. வந்து பாத்தீங்களாப்பா? நாலு மாசம் இருந்துச்சே. ஏம்ப்பா பாக்கல?"

நான் வாயைத் திறந்தேன். எனக்குக் கேட்கவில்லை சாமி என்று ஒரு வார்த்தை. அது மேல் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன கேட்பாள்? எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று கேட்பாள். மில்லில் இருந்தே என்றால், அப்படியென்றால் என் கல்யாணத்துக்குச் சரி என்றது எப்படி என்று கேட்பாள். ஒரு சரியை வைத்துத்தான் அவள் என்னைத் தலையில் தூக்கி வைத்திருந்தாள். இன்னொரு சரியை வைத்து என்னைக் கொலைகாரன் என்கிறாள். இதை உருவினால் அதுவும் சேர்ந்து வருகிறது தம்பி, ஒரே நூல். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒன்றே முக்கால் வருஷமாகிறது. கீழ் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டுக்கொள்கிறாளாம். மாப்பிள்ளை அவருடைய பழைய போனை எனக்குக் கொடுத்து, முகம் தெரிகிற மாதிரிப் பேசலாம் மாமா, நானே அவளிடம் கொடுக்கிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டுவிடுமே.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. கோனியம்மன் தேர் வந்தது. ஒரு பக்கம் ஜமாப் மேளம், ஒரு பக்கம் செண்டை, பக்கத்து ஆள் பேசுவது யாருக்கும் கேட்காத இரைச்சல். தேருக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் துளசிமணி நிற்கிறாள்.

பயப்படாதீங்க, நான் பைத்தியமில்லை. செத்துப்போனவள் என்று எனக்குத் தெரியும், நான்தான் கொள்ளி வைத்தேன். ஆனால் நிற்கிறாளே. முடியெல்லாம் திரும்ப வந்திருந்தது. வாயை அசைக்கிறாள். "சாப்பிட்டீங்களா? சட்டைய ஏன் இப்படிக் கசக்கி வெச்சிருக்கறீங்க? பல்லு வலி போச்சா?" ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. முப்பத்தைந்து வருஷத்தில் இவ்வளவு பேசியதில்லை. நான் இந்தப் பக்கம் நின்று கேட்டேன், சத்தமில்லாமல்தான். "அன்னைக்கு என்ன புள்ளே சொன்னே?"

முந்தானையை எடுத்து வாய்க்கு மேல் போட்டுக்கொண்டாள். முந்தானைக்குப் பின்னால் வாய் அசைகிறது. சொல்கிறாள். எனக்குத் தெரியாத மாதிரிச் சொல்கிறாள். தேர் நகர்ந்தது, ஆள் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை. எங்கே சத்தமோ அங்கே போய் நிற்பேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு, கல்யாண ஊர்வலம், கோயில் நோன்பித் திருவிழா. எங்கள் தெருமுனை மாவு மில்லில் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பையன் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க தாத்தா, அரைக்க ஒண்ணும் கொண்டாரலீங்களா" என்றான். மறுநாளில் இருந்து ஒரு படி கம்பை எடுத்துக்கொண்டு போனேன். வருவாள். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் மாவுப் புகைக்குள் நிற்பாள். ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். அந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும் முந்தானை.

எனக்கு வேண்டியது அந்த நாலு வாக்கியம் தம்பி. கட்டி என்று சொன்னாளா? வலிக்கிறது என்றாளா? எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி, அதற்கா நான் சரி என்றேன்? இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முக்கியமான பேச்சுக்கெல்லாம் தாடையைத் திருப்பினவள், தீவுக்குப் போக ஆசைப்பட்டுத் தாடையைத் திருப்பினவள், அன்றைக்கு மட்டும் ஏன் திருப்பவில்லை? கடலைப் பார்த்துச் சொன்னாளே. எனக்குக் கேட்காது என்று தெரிந்தே சொன்னாளா? எனக்குக் காது...

சரி. உங்களிடம் என்ன மறைப்பது. கேட்காது தம்பி. உட்கார்ந்ததும் சொன்னது பொய். நீங்கள் பேசியதில் ஒரு சத்தமும் எனக்கு விழவில்லை, உங்க உதட்டைப் பார்த்துத்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறேன். மூக்கைத் துடைக்கிற சாக்கில் இரண்டு தடவை வாயை மறைத்தீர்களே, அப்போது நீங்கள் கேட்டது என்னவென்று இன்னும் எனக்குத் தெரியாது. வாயை விட்டு ஒரு ஆளிடம் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

அதனால்தான் தீவுக்குப் பேர் கொடுத்தேன். தேரும் மாவு மில்லும் நான் கூட்டிப்போன சத்தம். இது அவளே ஆசைப்பட்டுக் கேட்ட சத்தம். அங்கே வந்தால் முந்தானையை எடுத்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. கீழ் வீட்டுக்காரரிடம் பழனிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இருங்க. தீவுப் படகில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்களா? தரை அதிர்கிறதே, செருப்பு வழியாகத் தெரிகிறது.

தம்பி, திரும்பிப் பார்க்காதீங்க. உங்களுக்குத் தெரியாது. மேல்தட்டில், அந்தச் சிவப்பு பனியன் போட்ட பசங்களுக்கு நடுவில். மாம்பழக் கலர் சேலை. நேராக என்னைத்தான் பார்க்கிறாள். நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை தம்பி, வாயையே அசைக்கவில்லை. அதற்குள் மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, தலையை இப்படி இப்படி ஆட்டுகிறாள். மாட்டேன் என்று.

இவ்வளவு தூரம் வந்தும் மாட்டேன் என்கிறாள்.

போய்விட்டாள்.

இல்லை, தண்ணீர் வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறேன். என்ன கேட்கிறீர்கள்? மெதுவாகச் சொல்லுங்க. ஆமாம். இல்லை, மகளிடம் சொன்னதேயில்லை. ஏன் சொல்லவில்லை என்றுதானே இத்தனை நேரமும் சொன்னேன். செத்தவளிடம் கேட்க மூட்டை கட்டிக்கொண்டு வந்தீங்களே என்கிறீர்களா? உங்க வாயில் அப்படி வரவில்லை. ஆனால் முகத்தில் வந்தது.

இந்தாங்க, போன். இதில் பிரேமலதா என்று மேலேயே இருக்கும். நீங்களே போட்டுப் பேசுங்க. நான் பேசினால் அவள் சொல்வது எனக்குக் கேட்காது, பழையபடி சரி சரி என்று சொல்லிவிடுவேன். நீங்கள் யார் என்று சொல்லிவிட்டு, உங்கப்பாவுக்குக் காது கேக்காதுங்க என்று சொல்லுங்க. எத்தனை நாளாக என்று கேட்பாள். உங்க கல்யாணத்துக்கு முன்னால இருந்தே என்று சொல்லுங்க. அந்தக் கடற்கரையில் அவருக்கு ஒரு வார்த்தையும் கேக்கலீங்க என்று சொல்லுங்க. முகத்தை மட்டும் என் பக்கமே வைத்துக்கொள்ளுங்க. நீங்கள் எல்லாம் சொல்லிவிட்டீர்களா என்று நான் பார்க்க வேண்டும்.

எடுத்துவிட்டாளா? ம். சொல்லுங்க.

...காது. ஆமாம். சொல்லுங்க. கடக்கரை. ஆமாம்.

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? அழுகிறாளா? திட்டினால் திட்டு என்றே சொல்லுங்க, நான் மில்லில் கேட்காத திட்டா. தம்பி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பாதீங்க. என்ன கேட்கிறாள்? இன்னொரு தரம் சொல்லுங்க.

"அப்ப எங்கல்யாணத்துக்குச் சரின்னது?"

ஆமாம். அதைத்தான் கேட்பாள்.

என்ன சொல்லட்டும்? கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன் என்று சொல்லச் சொன்னால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அது எனக்கே தெரியாது தம்பி. அன்றைக்குக் கேட்டிருந்தால் செருப்புக்கு ஆணி அடித்த சுத்தியலை எங்கே வீசியிருப்பேனோ. இப்போது கேட்டால், ஸ்டீபன் மாதிரி ஒருத்தனை நான் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இதையெல்லாம் அடுத்த ஆள் வாயில் எப்படிக் கொடுத்தனுப்புவது?

ஒன்றும் சொல்லாதீங்க. மாப்பிள்ளை காட்டினாரே, முகம் தெரிகிற மாதிரி, அதைப் பண்ணிக் கொடுங்க. ஆமாம், அந்தப் பொத்தான். நீங்களே அமுக்குங்க.

கைடு கூப்பிடுகிறானாக்கும், எல்லாரும் எழுந்து போகிறார்கள். அம்மணியும் தொப்பியோடு வந்துவிட்டது பாருங்க. எந்தப் படகோ இரண்டு பேரும் பேசி ஏறிக்கொள்ளுங்க. நான் எதற்கும் வரவில்லை என்று அவனிடம் சொல்லிவிடுங்க.

போனில் பிரேமலதா வந்துவிட்டாள். தலை நரைத்துவிட்டதே இவளுக்கு. எப்போது நரைத்தது?

கொஞ்சம் நகருங்க தம்பி, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. வாயைத் திறக்கிறாள்.